உறக்கத்தில் ஓங்கிய கை

ராஜராஜேஸ்வரி டீச்சருக்கு அன்று காலையில் எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது. பால் பொங்கி வழிந்ததற்குக் கோபம். அடுப்பின் திருகு இறுகிக் கிடந்ததற்குக் கோபம். இடது கண் பாதிக்கு மேல் திறக்க மறுத்ததற்குத்தான் எல்லாவற்றையும்விடக் கோபம்.

கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி ஒற்றிக்கொண்டே காப்பி ஆற்றினாள்.

போன வாரம் நாங்குநேரிக் கல்யாணத்தில், வெடித்த உதட்டில் பவுடரை அப்பிக்கொண்டு, "பீரோ கதவு இடிச்சிட்டு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் அவள் சொல்லித் திரிந்தாள். யாரும் நம்பவில்லை. மகள் விஜயஸ்ரீ நம்பவே இல்லை. "பொய் சொல்லாதம்மா" என்று மண்டப வாசலில் கையைப் பிடித்தவளை உதறிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். விஜயஸ்ரீ அந்த வருத்தத்தோடேயே பெங்களூருக்கு ரயிலேறினாள்.

பீரோ கதையை நம்பியவர் ஒரே ஒருவர்தான். அவள் கணவர் அருணாசலம்.

அடித்தவரும் அவர்தான்.

பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அருணாசலம். மடை, மதகு, தடுப்பணை என்று பாபநாசத்திலிருந்து கடலில் சேரும் இடம் வரைக்கும் ஆற்றோடு அலைந்த மனுஷன். வீட்டில் சத்தம் போடுவதெல்லாம் ராஜராஜேஸ்வரியின் வேலை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடாத பிள்ளைகளை அதட்டிய தொண்டை. வீட்டுக்கு வந்தால் மட்டும் அடங்கிவிடுமா? அவள் கத்துவாள், அவர் பேப்பரைத் திருப்புவார். இத்தனை வருஷக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

பார்க்கின்சன் வந்து ஓய்வுக் காலத்தைக் கலைத்துப் போட்டது. முதலில் வலது கை நடுங்கியது. பிறகு நடை சுருங்கியது. பிறகு குரல். இப்போது அவர் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காது.

இதெல்லாம் விழித்திருக்கும்போதுதான். உறக்கத்தில் அவர் வேறு ஆள். கை நடுங்காது. குரல் தெருமுனை வரைக்கும் போகும். "வாலே! கிட்ட வந்து பாருலே!" என்று வாழ்நாளில் அவர் வாயில் வராத வசவெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வைவார். கையும் காலும் பாயும். பக்கத்தில் படுத்திருப்பவள் மேல் விழும். விழித்தால், "கெட்ட கனவு, தண்ணி கொண்டா" என்பார். அவ்வளவுதான்.

இன்று விடியலில் விழுந்தது முழங்கை.

கேட் படாரென்று திறந்தது.

"எக்கா!"

தம்பி கார்த்திகேசன். டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். கடை திறக்கிற நேரத்தில் இங்கே வந்து நிற்கிறான் என்றால் யாரோ ஊதியிருக்கிறார்கள். ராஜராஜேஸ்வரி முந்தானையால் கண்ணை மூடிக்கொள்வதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

"இது என்னது?"

"பீரோ…"

"பீரோவப் பத்தி இன்னொரு வார்த்த பேசுன, அந்தச் சவத்தத் தூக்கி ஆத்துல எறிஞ்சிருவேன் பாத்துக்க! பக்கத்து வீட்டு ஜமீலா பீவி அக்கா போன் பண்ணாங்க. விடியக்காலம் அத்தான் வையுத சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கு. நீ கத்துனதும் கேட்டிருக்கு. ஊரே சிரிக்கு, நீ இங்கன காப்பி ஆத்திக்கிட்டு நிக்க!"

"மெதுவாப் பேசுலே. அவுக முழிச்சிருக்காக."

"முழிச்சிருக்கட்டும். அதுக்குத்தான வந்தேன்."

அருணாசலம் ஹாலில் நின்று சட்டைப் பித்தானோடு போராடிக்கொண்டிருந்தார். பித்தான் துவாரத்தை நெருங்குவதும் நழுவுவதுமாக இருந்தது. மைத்துனனைக் கண்டதும் அவர் முகம் மலரப் பார்த்தது. இந்த வியாதியில் அதுவும் மெதுவாகத்தான் வரும். அது வந்து சேர்வதற்கு முன்பே கார்த்திகேசன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான்.

"பொம்பளைய அடிக்க மட்டும் கை நடுங்கலயோ அத்தான்?"

அருணாசலத்தின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்த மௌனத்தைக் கார்த்திகேசன் ஒப்புதலாக எடுத்துக்கொண்டான். இன்னும் இறுக்கினான். மாட்டியிருந்த பித்தான் ஒன்று தெறித்து ஓடியது.

ராஜராஜேஸ்வரி கரண்டியோடு ஓடிவந்து தம்பியின் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"விடுலே கைய! அவுக தூக்கத்துல அடிச்சாகலே! தூக்கத்துல! அவுகளுக்கே தெரியாது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

கார்த்திகேசனின் கை தளர்ந்தது. அருணாசலம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தலை மட்டும் திரும்பாது. உடம்போடு சேர்ந்து, சின்னச் சின்ன அடியெடுத்து வைத்துத்தான் திரும்ப முடியும். அதற்குள் அவள் முந்தானையை இழுத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"எடு, அத" என்றார்.

அவள் எடுத்தாள்.

"நானா?"

"தூக்கத்துலதானங்க…"

"உதடு?"

அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"அதுக்கு முன்னால, தோள்ல ரத்தம் கட்டிக் கெடந்துதே. பஸ்ஸுல கம்பி இடிச்சிட்டுன்னு சொன்னியே?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"என்ன முட்டாளாக்கிட்ட ராஜி." குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் அதற்குள் இருந்த கோபம் அவளுக்குப் புதிது. "எம் பொண்டாட்டிய நான் அடிச்சிருக்கேன். தெருவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒந் தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. நீ சொல்லல."

"சொன்னா என்ன செய்வியளாம்? உக்காந்து அழுவிய. ஏற்கெனவே பாதிச் சோறுதான் உங்கிய. அதையும் விட்டுருவிய!"

அவர் மைத்துனன் பக்கம் திரும்பினார். "மாப்ள, ஒங் கடையில நைலான் கயிறு இருக்கும்லா?"

"இருக்கு அத்தான். எதுக்கு?"

"நல்ல கயிறாக் கொண்டா. ரெண்டு கையையும் கட்டில்ல சேத்துக் கட்டிரு. காலையும் கட்டிரு."

கார்த்திகேசன் அக்காவைப் பார்த்தான். அக்காவின் ஒற்றைக் கண் எரிந்தது.

"மாடா நீங்க? கட்டிப் போடணுமாம்லா, கட்டி! ஏலே கார்த்தி, கயித்தோட இந்த வாசல மிதிச்ச, ஒன்னயத்தான் மொதல்ல கட்டுவேன். போய்க் கார எடுத்துட்டு வா. டாக்டரம்மாவப் பாக்கணும். இன்னைக்கே. இப்பமே."

பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். முகூர்த்த நாள் கூட்டம். பாலத்தில் வண்டிகள் நகர்ந்து நகர்ந்து போயின. முன் சீட்டில் அருணாசலம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ராஜராஜேஸ்வரியின் போன் விடாமல் அடித்தது. விஜயஸ்ரீ. அவள் எடுக்கவில்லை. வீடியோவில் கூப்பிடுகிற மகளிடம் இந்தக் கண்ணை எப்படிக் காட்டுவது? மறுபடியும் அடித்தது. அணைத்துப் பைக்குள் போட்டாள்.

நரம்பியல் டாக்டர் டார்லின் மணப்பாட்டுக்காரர். நிதானமான பெண்மணி. ராஜராஜேஸ்வரியின் கண்ணைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"கதவு இடிச்சிட்டுன்னு சொல்லிராதீங்கம்மா" என்றார்.

அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. ராஜராஜேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணுக்குச் சேதமில்லை. இருந்தாலும் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடச் சொன்னார். பிறகு அருணாசலத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"சார், நாம கனவு காணும்போது கை கால் அசையாம இருக்கணும்னு மூளை ஒரு பூட்டு போட்டு வைக்கும். ஓடுத மாதிரி கனவு வந்தா நாம எந்திரிச்சு ஓடுறதில்லல்லா, அதுக்குத்தான். இந்த வியாதியில சில பேருக்கு அந்தப் பூட்டு சரியா விழாது. கனவுல செய்யுறத உடம்பும் செஞ்சிரும். இதுக்கும் உங்க குணத்துக்கும் சம்பந்தம் கிடையாது."

"மனசுக்குள்ள இருக்க கோவமோ?" கார்த்திகேசன் இழுத்தான்.

"கிடையாது. எப்போ ஆரம்பிச்சதும்மா இது?"

"கை நடுங்குததுக்கு ரொம்ப முன்னாலயே. விஜி காலேஜ்ல படிக்கும்போதே தூக்கத்துல உதைப்பாக. அப்பம் பைய, வலிக்காமத்தான் உதைப்பாக. சிரிச்சுக்கிட்டே தள்ளிப் படுத்துக்கிடுவேன்."

டாக்டர் தலையாட்டினார். "நடுக்கம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாலயே சில பேருக்கு இது வந்துரும். வியாதியோட முதல் அடையாளமே அதுவா இருந்திருக்கும்."

ராஜராஜேஸ்வரி எழுந்தேவிட்டாள்.

"அப்பம் ஏன் யாரும் கேக்கல? எத்தன டாக்டரப் பாத்தோம்! கைய நீட்டுங்கன்னு சொன்னிய, நடந்து காட்டுங்கன்னு சொன்னிய, வெரலத் தட்டுங்கன்னு சொன்னிய. எப்பிடித் தூங்குதாக, பக்கத்துல படுக்கவ உசுரோட இருக்காளான்னு ஒருத்தராவது எங்கிட்டக் கேட்டியளா?"

வெளியே காத்திருந்தவர்கள் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நின்றாள்.

"கேட்டிருக்கணும்" என்றார் டார்லின். "நான் கேட்கல. தப்புதான். நீங்களும் சொல்லியிருக்கலாம்மா."

"என்னத்தச் சொல்ல? எங்க வீட்டுக்காரரு என்ன அடிக்காருன்னா? சொன்னா நீங்க எந்தக் கண்ணால பாப்பிய? இந்தா, எந் தம்பி பாத்தான்லா, அந்தக் கண்ணாலதான்!"

கார்த்திகேசன் தலை குனிந்துகொண்டான்.

டாக்டர் மாத்திரைகளைக் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஓர் அட்டையில் நின்றார். "இது நான் எழுதுனது இல்லையே?"

"நாந்தான் டாக்டர்" என்றான் கார்த்திகேசன். "அத்தான் பேசாம கொள்ளாம மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாகன்னு, எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். மனசு தெளியும்னு குடுத்தாரு."

"இதச் சாப்பிட ஆரம்பிச்ச பெறகு அடி பலமாச்சா?"

ராஜராஜேஸ்வரி யோசித்தாள். உதைத்துக்கொண்டிருந்தவர் குத்த ஆரம்பித்தது, உதடு வெடித்தது, எல்லாம் இந்த அட்டை வீட்டுக்கு வந்த பிறகுதான். மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"சில பேருக்கு இது கனவு ஆட்டத்த அதிகமாக்கும்" என்றார் டாக்டர். "அதுக்காக நீங்களா நிறுத்திராதீங்க. திடீர்னு விட்டா வேற தொந்தரவு வரும். அந்த டாக்டர்கிட்ட நான் பேசி, படிப்படியா மாத்துறேன். தூக்கத்துக்கும் மெலிசா ஒரு மருந்து தாரேன்."

"நல்லது நெனச்சுத்தான் எக்கா…" என்றான் கார்த்திகேசன்.

"சட்டையப் புடிச்சதும் நல்லது நெனச்சுத்தானோ?" என்றாள் அவள்.

அருணாசலம் தொடைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது ஆடியது. "கட்டிப் போட்டுட்டா, டாக்டர்?"

"கூடவே கூடாது சார். கட்டுன கையோட நீங்க கனவுல இழுத்தா தோள்பட்டை எறங்கிரும். கட்டிலத் தாழ்வாப் போடுங்க, பக்கத்துல மெத்த விரிங்க, இடிக்கிற மாதிரி சாமான் எதையும் வைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் தனித் தனியாப் படுங்க. அம்மா, சத்தம் போட்டா கையப் புடிச்சு அமுக்காதீங்க. எட்டி நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுங்க." டாக்டர் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார். "கனவுல என்ன வருது சார்? ஞாபகம் இருக்கா?"

அவர் மேஜைமேல் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மணல் லாரி. ஆத்துக்குள்ள நிக்கு. நாலஞ்சு பேரு ராஜியக் கையப் புடிச்சி வண்டியில ஏத்தப் பாக்கானுவ. நான் விடுவனா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "கனவுல எங் கை நடுங்கல டாக்டர்."

ராஜராஜேஸ்வரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இத்தனை நாளும் யார்மேல் கோபப்படுவது என்றாவது தெரிந்திருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு படுக்கையறையைக் காலி செய்தார்கள். டிரஸ்ஸிங் டேபிளையும் இரும்பு ஸ்டூலையும் கார்த்திகேசன் தனியாகவே இழுத்து வெளியே போட்டான். கடைக்குப் போய் ஸ்பாஞ்ச் வாங்கிவந்து கட்டிலின் விளிம்பெல்லாம் சுற்றினான். யாரும் அவனோடு பேசவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

"ராஜி, நீ மாடி ரூம்ல படு" என்றார் அருணாசலம். "உள்தாப்பாள் போட்டுக்க."

அதுவரை அடங்கிக் கிடந்த கோபம் பொங்கிவிட்டது. தலையணையை வீசி எறிந்தாள். "தாப்பாளா? உங்களுக்குப் பயந்து நான் தாப்பாள் போடணுமாக்கும்! ஊரு பேசுதது காணாதுன்னு, நானே தாப்பாளப் போட்டு ஆமான்னு சொல்லணுமோ? எனக்கு ஒரு பயமும் கெடையாது!"

அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

"என்னது?"

மறுபடியும் சொன்னார். அவள் எரிச்சலோடு கிட்டே போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"எனக்குப் பயமா இருக்குன்னேன்."

அவர் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அந்தச் சின்னக் குரலுக்கே உள்ளதையெல்லாம் திரட்டிக் கத்தியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"கண்ண மூடவே பயமா இருக்கு ராஜி. எங் கைய நானே நம்ப முடியல. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தா ஒங் கண்ணு போயிருக்கும். இதுலயும் நீ ஒம் பிடிவாதத்தையே புடிச்சிக்கிட்டு நின்னியன்னா, நான் தூங்கவே மாட்டேன். உக்காந்தே இருப்பேன். எத்தன நாளானாலும் சரி."

இத்தனை வருஷத்தில் அவர் அவளை எதிர்த்துப் பேசியதே இன்றுதான். ராஜராஜேஸ்வரி கீழே கிடந்த தலையணையை எடுத்து உதறினாள்.

"மாடிக்கெல்லாம் போக முடியாது" என்றாள் கடைசியில். "ஹால்ல படுத்துக்கிடுதேன். கதவு தெறந்துதான் கெடக்கும். அதுக்கு மேல பேசக் கூடாது."

"சரி" என்றார்.

விளக்கு வைக்கிற நேரம் வாசலில் ஜீப் வந்து நின்றது. காக்கி உடுப்பில் ஒரு பெண் இறங்கினார். கூட இன்னொரு பெண் போலீஸ். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"ராஜராஜேஸ்வரி அம்மா நீங்கதானா? மகளிர் ஸ்டேஷன் எஸ்.ஐ. சுடலைவடிவு." அவர் பார்வை நேராகக் கண்ணில் வந்து நின்றது. "உங்களை வீட்டுக்காரர் அடிச்சு வச்சிருக்காருன்னு உங்க மக பெங்களூர்ல இருந்து புகார் குடுத்திருக்காங்க. நாள் பூரா கூப்பிட்டும் நீங்க போன எடுக்கலயாம். பதறிப்போய் ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிட்டாங்க."

"விஜியா?"

கார்த்திகேசன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "காலையில இங்கன வார வழியில, கோவத்துல நாந்தான் அவகிட்டச் சொன்னேன் எக்கா. பெறகு நடந்த கூத்துல அவகிட்டத் திருப்பிச் சொல்ல மறந்தே போச்சு."

அவனை வைய அவளுக்கு நேரமில்லை. அருணாசலம் சின்ன அடிகளாக எடுத்து வைத்து வாசல் வரைக்கும் வந்துவிட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், நீங்க உள்ள இருங்க. அம்மாகிட்டத் தனியாப் பேசணும்."

"பேச ஒண்ணுமில்ல" என்றார் அருணாசலம். எங்கிருந்துதான் வந்ததோ, குரல் எதிர்வீடு வரைக்கும் கேட்டது. "நாந்தான் அடிச்சேன்."

"ஏங்க!" ராஜராஜேஸ்வரி பாய்ந்து முன்னால் வந்தாள். "அப்பிடி இல்லம்மா. அவுக தூக்கத்துல அடிச்சது. தெரியாம அடிச்சது. இது ஒரு வியாதி. முழிச்சிருக்கும்போது ஒரு ஈ எறும்பக்கூட…"

பாதியிலேயே நின்றுவிட்டாள். எஸ்.ஐ.யின் முகத்தில் கோபமில்லை, சந்தேகம்கூட இல்லை. இரக்கம்தான் இருந்தது. படியில வழுக்கிட்டு, கதவு இடிச்சிட்டு, குடிச்சா மட்டும்தாம்மா, மத்தபடி தங்கமான மனுஷன் என்று எத்தனையோ பெண்கள் சொல்லக் கேட்ட இரக்கம். இத்தனை நாளும் பொய் சொன்னாள்; ஒருவரும் நம்பவில்லை. இன்று உண்மையைச் சொல்கிறாள். அது பொய்யைவிட மட்டமான பொய்யாகத் தன் காதிலேயே விழுகிறது.

"சரிம்மா" என்றார் சுடலைவடிவு, நோயாளியிடம் பேசுவதுபோல. "சார் ஸ்டேஷனுக்கு வந்து அவர் தரப்பச் சொல்லட்டும். டாக்டர்கிட்டயும் கேப்போம். அதுவரைக்கும் நீங்க உங்க தம்பி வீட்டுல இருங்க. இன்னைக்கு அவர்கூட நீங்க தங்க வேண்டாம்."

"அப்பம் அவுக எங்கன தூங்குவாக? கூட யாரு இருப்பா?"

"அது எங்க பொறுப்பும்மா."

"உங்க பொறுப்பா?" தெருவே கேட்கும்படி கத்தினாள். கணக்கு டீச்சரின் முழுத் தொண்டை அது. "கனவு வந்தா எட்டி நின்னு பேரு சொல்லிக் கூப்பிடணும். கையப் புடிக்கக் கூடாது, அமுக்கக் கூடாது. தெரியுமா உங்களுக்கு? உங்க ஸ்டேஷன்ல யாருக்காவது தெரியுமா? லத்தி வச்சிருக்கவன் பக்கத்துல அவுகளப் படுக்கப் போட்டு, தூக்கத்துல அவுக கையோங்குனா, அவன் என்ன செய்வான்?"

சுடலைவடிவு கூட வந்த போலீஸைத் திரும்பிப் பார்த்தார்.

ராஜராஜேஸ்வரி செருப்பை மாட்டினாள். மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டாள். யாரும் கூப்பிடாமலேயே ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, வீங்கிய கண்ணோடு எதிர்வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாக முறைத்துப் பார்த்தாள். பிறகு கணவருக்குக் கையை நீட்டினாள்.

"பைய ஏறுங்க. படி ஒசரம்."